மால்தேல் முதல் முயலகன் வரை: விழுந்தவர்கள் கதை

முதல்லயே ஸ்பாய்லர் எச்சரிக்கை. வார்கிராஃப்ட் 3, டயப்லோ 3, டயப்லோ 4 மூணோட கதையும் இந்தக் கட்டுரையில் உடையும். திருவதிகைக் கோயில் கதையும் உடையும். அது ஆயிரம் வருஷத்துக்கு மேல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைங்கறதால அதுக்கு மன்னிப்பு கேட்கப் போறதில்லை.

ஃபேண்டஸி கேம் கொஞ்சமாவது விளையாடியிருந்தால் இந்த டெம்ப்ளேட் உங்களுக்கு மனப்பாடம். ஒருத்தர் இருப்பார். ஒளி, இறக்கை, நீதி, நல்ல பின்னணி இசை எல்லாம் அவர் பக்கம். பாதிக் கதையில் அவருக்கு ஏதோ ஆகும். கடைசி பாஸ் ஃபைட்டில் அதே ஆள் கறுப்புக் கவசத்தில் வந்து நிற்பார். டயப்லோவில் மால்தேல் ஞானத்தின் தேவதூதர். 2014-இல் வந்த ரீப்பர் ஆஃப் சோல்ஸில் அவரே மரணத்தின் தேவதூதராகத் திரும்பி வருகிறார். அவர் கணக்கு ரொம்ப சிம்பிள்: மனுஷ ரத்தத்தில் பாதி பேயோட ரத்தம், பேய்கள் ஒழியணும்னா மனுஷங்களும் ஒழியணும். லாஜிக்கில் ஓட்டை இல்லை, அதுதான் பயமா இருக்கு. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் செஃபிராத்துக்கு ஒற்றை இறக்கை. அந்த ஒரு இறக்கையே அவன் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம் விளையாடும்போது எனக்கு ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருந்தது. விழுந்தது சரி, எங்கேயிருந்து எங்கே விழுந்தாங்க? அதை 'விழுந்தது'னு சொல்றது யாரு? இந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவிலேயே கிடைக்கின்றன. நம்ம காலேஜ் பஸ் ரூட் அளவுதான் தூரம்.

முதலில் அந்த டெம்ப்ளேட் எங்கேயிருந்து வந்ததுனு வேகமா பார்த்துடலாம். லூசிஃபர் என்பது லத்தீனில் விடிவெள்ளிக்கான சொல், ஒளியைக் கொண்டு வருவதுனு அர்த்தம். பைபிளில் ஏசாயா புத்தகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் அந்த இடம் வருகிறது. அங்கே கேலி செய்யப்படுவது பாபிலோன் அரசன். வானத்தில் ஏறுவேன்னு ஆடினவன் குழிக்குள்ள போனான் என்பதுதான் விஷயம். பிற்பாடு வந்த கிறிஸ்தவ மரபு அந்த அரசனுக்குப் பின்னால் சாத்தானைப் பார்த்தது, அந்தப் பேர் அவனுக்கே ஒட்டிக்கொண்டது. ஏனோக்கின் புத்தகத்தில் இன்னொரு வகை இருக்கிறது. மனுஷப் பெண்கள் மேல ஆசைப்பட்டு இறங்கி வந்த தூதர்கள். அவர்களில் அசாசேல் மனுஷருக்கு வாள் செய்யவும், கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுத்தான். ஆயுதமும் மேக்கப்பும் ஒரே குற்றப்பத்திரிகையில்! 2011-இல் வந்த எல் ஷடாய் என்ற ஜப்பானிய கேம் இந்தப் புத்தகத்தை வைத்தே எடுத்தது. குர்ஆனில் இப்லீஸ் ஆதமுக்குப் பணிய மறுக்கிறான்: தான் நெருப்பால் ஆனவன், இவன் களிமண். இதற்கெல்லாம் மேலே 1667-இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் 'பாரடைஸ் லாஸ்ட்' எழுதி, சாத்தானுக்கு வாசகர்களே மயங்குகிற வசனங்களைக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு கேம்களில் வில்லன் நின்று நிதானமாகப் பேசும் கட்சீன் எல்லாவற்றுக்கும் தாத்தா அவர்தான்.

இந்த எல்லாக் கதையிலும் பொதுவா ஒண்ணு இருக்கு. முதலில் சுத்தம், அப்புறம் ஒரு முடிவு, அப்புறம் கீழே. பெரும்பாலும் ஒரே வழிப் பாதை, ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது.

தமிழில் நாம் இப்படிப் பேசுவதே இல்லை, கவனிச்சிருக்கீங்களா? ஒருத்தன் ஒழுக்கம் தவறினால் 'விழுந்துட்டான்' என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். 'கெட்டுப் போயிட்டான்' என்பார். பால் கெடும், குழம்பு கெடும், பையனும் கெடுவான். எல்லாத்துக்கும் ஒரே வினைச்சொல். விழுவது ஒரு நொடியில் முடிகிற சமாச்சாரம். கெடுவதற்கு நேரம் ஆகும், வெளியே தெரிவதற்கு முன்னாலேயே உள்ளே ஆரம்பித்திருக்கும், வாசனை வேற வரும். வள்ளுவர் மட்டும் மானம் அதிகாரத்தில் தன் நிலையிலிருந்து இழிந்தவர்களைத் தலையிலிருந்து உதிர்ந்த முடிக்கு ஒப்பிடுகிறார். தலையில் இருக்கும்வரை எண்ணெய், சீப்பு, மரியாதை. விழுந்தபின் அதே முடி ஹாஸ்டல் பாத்ரூம் வடிகாலில். இதைவிடக் கடுமையான ஃபாலன் ஏஞ்சல் விளக்கம் நான் எந்த கேமிலும் பார்க்கவில்லை.

கேம்களில் நிஜமாகவே 'கெட்டுப் போன' ஆள் என்றால் ஆர்த்தஸ்தான். 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3. இளவரசன், நீதிக்காகச் சண்டை போடும் பாலடின். ஸ்ட்ராத்ஹோம் நகரத்து மக்கள் நோய் கலந்த தானியத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள், சீக்கிரமே எல்லோரும் பிணப்படையாக மாறப் போகிறார்கள். மாறுவதற்கு முன்னால் கொன்றுவிடலாம் என்கிறான். குரு உத்தர் மறுக்கிறார், ஜெய்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். அடுத்த மிஷனில் மவுஸ் உங்க கையில். வில்லன் மால்கானிஸ் நூறு பேரைப் பிடிப்பதற்குள் நீங்க நூறு பேரை முடிக்கணும். கவுண்டர் ஓடும்போது நீங்க யோசிக்கிறது நியாய அநியாயத்தை இல்லை, ஸ்பீடை. அப்புறம் அவன் தன் கப்பல்களைத் தானே எரிக்கிறான், ஃப்ராஸ்ட்மோர்ன் வாளுக்காக முராடினை இழக்கிறான், கடைசியில் அரியணையில் இருக்கும் சொந்த அப்பாவையே குத்துகிறான். இதில் எந்தப் படியில் அவன் கெட்டான்? நான் கேட்டவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு படியைச் சொல்றாங்க. பால் எந்த நிமிஷத்தில் திரிந்தது என்று கேட்பது மாதிரி.

அசுரன்னா டீமன் இல்லை

இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நமக்கு தேவர்னா ஏஞ்சல், அசுரர்னா டீமன் என்று மண்டையில் ஒரு டிக்‌ஷனரி ஓடுது. இந்த மொழிபெயர்ப்பைக் கழற்றி வைத்தால்தான் மேலே போக முடியும். புராணங்களின்படி இரண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர், காசியபர். அம்மாக்கள்தான் வேற, அதிதியும் திதியும். ஆக இது பங்காளிச் சண்டை. தேவர்களும் தப்பு பண்ணுவார்கள், இந்திரனுக்கு அதில் பெரிய ரெக்கார்டே உண்டு. அசுரர்களும் தவம் பண்ணுவார்கள், வரம் வாங்குவார்கள். பல அசுரர்களின் பக்தி தேவர்களுடையதைவிட ஒரு படி மேலே.

நம் ஊர்க் கதைகளில் ஃபாலன் ஏஞ்சலுக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது ஜெய விஜயர்கள். வைகுண்டத்தின் வாயிற்காவலர்கள். பிரம்மாவின் பிள்ளைகளான சனகாதி முனிவர்கள் நாலு பேர் சின்னப் பசங்க மாதிரி தோற்றத்தில் வருகிறார்கள். காவலர்கள் உள்ளே விட மறுக்கிறார்கள். முனிவர்கள் சாபம் கொடுக்கிறார்கள்: பூமியில் போய்ப் பிற. பெருமாள் வந்து, மக்கள் சொல்லும் கதையின்படி, இரண்டு ஆப்ஷன் கொடுக்கிறார். பக்தர்களாக ஏழு பிறவி, இல்லை எதிரிகளாக மூணு பிறவி. அவர்கள் மூணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரணியாட்சன், இரணியகசிபு. பிறகு இராவணன், கும்பகர்ணன். பிறகு சிசுபாலன், தந்தவக்கிரன். கேமர் பாஷையில் சொன்னால் இது ஒரு ஸ்பீட்ரன். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், அதுக்கு வில்லன் ரூட்தான் ஷார்ட்டு.

இதோட தர்க்கத்தை நினைச்சுப் பாருங்க. மூணு யுகத்தின் மிகப் பெரிய வில்லன்கள் எல்லோரும் லீவில் வந்த செக்யூரிட்டி. அடுத்த தடவை ஏதாவது பெருமாள் கோயிலுக்குப் போனால், சிதம்பரத்தில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே இருக்கும் கோவிந்தராஜப் பெருமாள் சன்னதியானாலும் சரி, வாசலில் கதையோடு நிற்கும் துவாரபாலகர்களை ஒரு நிமிஷம் பாருங்க. அவங்கதான் இவங்க.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டு எழுதினவர்களும் நம்ம பக்கத்து ஊர்தான். புதுச்சேரி பாரதிதாசன் 1934-இல் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்று நாடகம் எழுதினார். அதில் இரணியன் ஹீரோ, சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட அரசன். 1946-இல் புலவர் குழந்தை இராவண காவியம் எழுதினார். 1948-இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது, 1971-இல்தான் தடை நீங்கியது. மில்டன் தெரியாமல் சாத்தானுக்குப் பண்ணியதை இவர்கள் தெரிந்தே பண்ணினார்கள்.

திருவதிகை: ஊழலே ஆயுதமான கதை

பண்ருட்டி பக்கத்தில் கெடிலக் கரையில் திருவதிகை. சிவன் எட்டுப் பேரை அடக்கிய எட்டு இடங்கள், அட்டவீரட்டம் என்பார்கள், அதில் ஒன்று. முப்புரம் எரித்த இடம்.

கதை முழுக்க கேம் டிசைன். தாரகாசுரனின் பிள்ளைகள் மூணு பேர்: தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி. பிரம்மாவிடம் சாகாவரம் கேட்கிறார்கள், கிடைக்கவில்லை. சரி என்று கண்டிஷன் போட்டு வாங்குகிறார்கள். பொன், வெள்ளி, இரும்பு என்று மூன்று பறக்கும் கோட்டைகள். ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அவை ஒரே கோட்டில் வரும். அந்த நேரத்தில் ஒரே அம்பால் மூன்றையும் அடிக்கிறவனால்தான் அவர்களைக் கொல்ல முடியும். ஒன்-ஷாட் விண்டோ. மயன் கோட்டைகளைக் கட்டிக் கொடுக்கிறான்.

இதுவரைக்கும் சாதாரண பாஸ் ஃபைட். மகாபாரதத்தில் வரும் வடிவத்தில் அசுரர்கள் வர மமதையில் அட்டூழியம் பண்ணுகிறார்கள், அதனால் அழிகிறார்கள், கதை முடிந்தது. ஆனால் சிவபுராணம், லிங்கபுராணம் சொல்லும் வடிவத்தில் ஒரு சிக்கல் வருகிறது. அசுரர்கள் ஒழுங்கா இருக்கிறார்கள்! சிவபூஜை தவறுவதில்லை, ஊர் மக்கள் தர்மப்படி நடக்கிறார்கள். தேவர்கள் போய்ப் புகார் சொன்னால், அவர்கள் என் பக்தர்கள், எப்படிக் கொல்வது என்கிற நிலை. அப்போது திருமால் ஒரு வழி பண்ணுகிறார். மாயையால் ஒரு போதகரை உருவாக்கி மூன்று ஊருக்குள் அனுப்புகிறார். மழித்த தலை, இனிமையான பேச்சு. அவர் வேதத்தையும் வேள்வியையும் மறுக்கும் புது மார்க்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். மக்கள் மாறுகிறார்கள், அரசர்களும் மாறுகிறார்கள், சிவபூஜை நிற்கிறது. ஷீல்டு போச்சு. இப்ப அடிக்கலாம்.

நல்லவன் கெட்டுப் போனதால் தண்டனை வந்தது என்பது வழக்கமான கதை. தண்டிக்க வேண்டும் என்பதற்காக நல்லவனைக் கெடுத்தார்கள் என்பது இந்தக் கதை. மால்தேலுக்கோ ஆர்த்தஸுக்கோ இப்படி ஒரு வக்கீல் பாயிண்ட் கிடைக்காது. ஆர்த்தஸை லிச் கிங் வலை விரித்துப் பிடித்தான், உண்மை. ஆனால் விரித்தது வில்லன் பக்கம். இங்கே விரிப்பது தேவர் பக்கம்.

பிறகு வரும் கிளைமாக்ஸில் பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரம், பிரம்மா தேரோட்டி, மேரு மலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு, அக்னி அதன் முனை. தேர் கிளம்பினதும் அச்சு முறிந்தது, அச்சிறுபாக்கம் என்று ஊர்ப்பெயர் வந்ததே அதனால்தான் என்பார்கள், காரணம் பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியது. இவ்வளவு செட்டப்புக்கு அப்புறம் சிவன் அம்பை விடவேயில்லை, சிரித்தார், கோட்டைகள் எரிந்தன என்கிறது தமிழ் மரபு. இவ்வளவு பெரிய ஆயுதத்தை கிராஃப்ட் பண்ணவிட்டு கட்சீனில் பாஸை முடிக்கிற கேமை ரிவ்யூவில் கிழித்திருப்பீங்க. ஆனால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று யோசித்தால் கதை வேற மாதிரி ஆகுது. தங்களால்தான் வேலை நடக்கப் போகுதுனு நினைச்ச தேவர்களைப் பார்த்துத்தான் என்று சொல்பவர்கள் உண்டு.

இன்னும் முக்கியமான விஷயம், எல்லோரும் எரியவில்லை. ஊரே மாறினபோதும் மாறாமல் இருந்த மூன்று பேர் தப்பினார்கள். இருவர் கோயில் வாசல் காவலர் ஆனார்கள், ஒருவர் சிவன் ஆடும்போது முழவு வாசிப்பவர் ஆனார் என்று சுந்தரர் தன் தேவாரத்திலேயே பாடியிருக்கிறார். பெருமாள் கோயில் வாசலில் இருந்து போனவர்கள் அசுரர் ஆனார்கள், இங்கே அசுரர்கள் சிவன் கோயில் வாசலுக்கு வந்தார்கள். வாசலுக்கும் வில்லனுக்கும் நம்ம ஊரில் ஏதோ நிரந்தர ஒப்பந்தம் போல.

திருமந்திரம் இந்த முப்புரத்தை வெளியே தேடாதே என்கிறது. மூன்று கோட்டை என்பது மூன்று மலம், அதாவது ஆணவம், கன்மம், மாயை. அவை எரிந்ததைத்தான் முப்புரம் எரித்ததாகச் சொல்கிறார்கள் என்கிறார் திருமூலர். அழகான விளக்கம்தான். ஆனால் அந்த மொட்டைத் தலைப் போதகர் யார் என்ற கேள்வியை அது தொடுவதில்லை.

லோரை எழுதினது யாரு?

அந்தப் போதகரின் வர்ணனையை அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்குக் குழப்பமே வந்திருக்காது. சமணத் துறவி, இல்லையென்றால் பௌத்தத் துறவி. கதையில் 'கெடுக்க வந்த மாயை' என்று வருவது, நிஜத்தில் இதே மண்ணில் பெரிய மடமும் படிப்பும் வைத்திருந்த ஒரு மதம்.

கடலூரில் ரயிலடிப் பக்கம் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுரம். 458-ஆம் ஆண்டிலேயே பாடலிகா என்ற ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் என்ற நூலை முடித்ததாகக் குறிப்பு இருக்கிறது. உலகத்தின் அமைப்பை விவரிக்கும் நூல் அது. அந்தப் பாடலிகா நம்ம ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது ஆட்டோவும் பஸ்ஸும் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் பிரபஞ்சத்தின் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். கேம் லோர்னு சொல்றோமே, அதுதான்.

அந்த மடத்துக்கு ஏழாம் நூற்றாண்டில் ஒரு இளைஞர் வருகிறார். திருவாமூர்க்காரர், பெயர் மருள்நீக்கியார். அம்மா அப்பா இறந்துவிட்டார்கள், அக்கா திலகவதியார் வளர்த்தார். உலகத்தில் எதுவும் நிலையில்லை என்று தோன்றி, மதங்களை ஆராய்ந்து, சமணத்தில் சேர்கிறார். படித்து, வாதத்தில் ஜெயித்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமைக்கு உயர்கிறார். அக்கா திருவதிகையில் கோயில் வாசலைப் பெருக்கி, மெழுகி, தம்பி திரும்பி வரணும்னு வேண்டிக்கொண்டிருக்கிறார். தம்பிக்கு சூலை நோய், தாங்க முடியாத வயிற்று வலி. மடத்து வைத்தியம் பலிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி அக்காவிடம் வருகிறார். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு கோயிலுக்குள் போய்ப் பாடுகிறார். வலி போகிறது. இனி அவர் திருநாவுக்கரசர், அப்பர்.

இதே கதையைப் பாடலிபுரத்து மடத்தின் பக்கம் இருந்து யோசிச்சுப் பாருங்க. அவங்களோட ஆர்ச்ஏஞ்சல் அவர். தர்மத்தின் சேனை என்கிற பேரையே கொடுத்திருக்காங்க. ஒரு ராத்திரி எழுந்து எதிர்ப் பக்கம் போய்விட்டார். அவங்க லோரில் அவர் பெயர் என்னவாக இருந்திருக்கும்? திலகவதியாருக்கோ, முதலில் மடத்துக்குப் போனதுதான் கெட்டுப்போனது, இது திரும்பி வந்தது. ஒரே மனுஷன், ஒரே இருபது கிலோமீட்டர் சொச்சப் பயணம். ஒரு முனையில் வீழ்ச்சி, மறு முனையில் மீட்பு.

நமக்கு ஒரு முனையின் கதைதான் கிடைத்திருக்கிறது. பல்லவ அரசன் அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டது, நஞ்சு கொடுத்தது, யானையை ஏவியது, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டது, அவர் மிதந்து வந்து கரையேறியது எல்லாம் பெரியபுராணத்தில் இருக்கிறது. கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றைக்கும் அதை ஞாபகப்படுத்துகிறது. அதே பெரியபுராணம் அடுத்து நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறது. மனம் மாறிய அரசன் பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அப்பரின் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் முப்புரக் கதையில் அந்தப் போதகர் வருகிற இடத்தைப் படிக்கும்போது, இடிந்த பள்ளியின் கல்லும் கண் முன்னால் வருது. அந்தக் கதையை அப்படி எழுத வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்பதும் புரியுது.

இறக்கையைக் கழற்றியவர்கள்

டயப்லோவில் விழுந்த தேவதூதர்கள் இரண்டு வகை. டயப்லோ 4-இல் வரும் இனாரியஸ் ஒரு வகை. போரில் சலித்து லிலித்தோடு சேர்ந்து மனுஷ உலகத்தை உண்டாக்கியவன். ஆனால் மறுபடி சொர்க்கம் தன்னைச் சேர்த்துக்கணும் என்ற ஏக்கத்தில் சொந்த மகனையே கொல்கிறான். சொர்க்கக் கதவு திறக்கவேயில்லை. இன்னொரு வகை டிரேல். அவனை யாரும் தள்ளவில்லை. சொர்க்கத்துச் சபை மனுஷருக்கு உதவாது என்று தெரிந்ததும், தன் இறக்கைகளைத் தானே பிய்த்தெறிந்துவிட்டு மனுஷனாகக் கீழே வருகிறான். விழுந்த தேவதைகளில் எனக்குப் பிடிச்சவன் அவன்தான்.

சிதம்பரத்தில் ஒரு டிரேல் உண்டு. உமாபதி சிவம், பதினாலாம் நூற்றாண்டு. அவர் எழுதிய சங்கற்ப நிராகரணம் 1313-ஐச் சேர்ந்தது. தில்லை தீட்சிதர்களில் ஒருவர். நடராஜருக்குப் பூஜை முடித்துவிட்டு, விருது மரியாதைகளோடு, பகலிலேயே தீவட்டி பிடிக்கப் பல்லக்கில் போகிறார். வழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த மறைஞானசம்பந்தர் என்ற சைவ ஆசிரியர், செத்த மரத்தின் மேல பகல் குருடு போகுதுன்னு சொல்லிச் சிரித்தாராம். பல்லக்கு பட்டுப்போன மரம், பகலில் விளக்கு தேவைப்படுகிறவர் குருடர். யாராயிருந்தாலும் கோபம் வரும். உமாபதி பல்லக்கிலிருந்து குதித்து அவர் பின்னால் போனார். சம்பந்தர் நெசவாளர் தெருவில், பாவுக்குப் போட வைத்திருந்த கூழை வாங்கிக் குடித்தார். அவர் கையிலிருந்து வழிந்ததை உமாபதி ஏந்திக் குடித்தார். அதோடு கதை முடிந்தது. சாதி ஆசாரம் கெட்டது என்று தீட்சிதர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். அவர் ஊர் எல்லையில் கொற்றவன்குடியில் போய்த் தங்கினார்.

'கெட்டது' என்ற அதே சொல் இங்கேயும் வருது பாருங்க. அப்புறம் ஒரு திருவிழாவில் கொடி ஏறவில்லையாம், அவர் வந்து கொடிக்கவி பாடியபின்தான் ஏறியதாம். கொடி ஏறியதை நம்புவதும் நம்பாததும் உங்க இஷ்டம். சிதம்பரம் கோயிலின் தலபுராணமான கோயிற்புராணத்தைப் பாடியவர் அந்த உமாபதிதான் என்பதையும் சேர்த்துக்கோங்க. கோயிலிலிருந்து வெளியே போன ஆளின் குரலில்தான் கோயிலின் கதை இருக்கிறது.

உமாபதி சார்ந்த சைவ சித்தாந்தத்தில் விழுவது என்ற மாடலே கிடையாது. உயிர் ஆதியிலிருந்தே ஆணவ மலத்தோடுதான் இருக்கிறது, செம்பில் களிம்பு மாதிரி. யாரும் மேலே சுத்தமாக இருந்து கீழே வந்தவர் இல்லை. களிம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் மொத்தக் கதையும். மெட்டலர்ஜி படிக்கிறவங்க இந்த உவமையில் நாலு குறை சொல்வீங்க, தெரியும். ஆனால் மில்டனின் சாத்தானையும் இந்தச் செம்பையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்க. அங்கே தொலைந்து போன சொர்க்கம், இங்கே இன்னும் பார்க்காத சொர்க்கம்.

கோயிற்புராணத்தில் தாருகாவனத்து முனிவர்கள் கதை வருகிறது. ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாதவர்கள், வேள்வியில் ஒரு எழுத்துப் பிசகாதவர்கள். அதனாலேயே கர்மம் செய்தால் பலன் தானா வரும், நடுவில் தெய்வம் எதுக்கு என்ற எண்ணம் வந்துவிட்டது. டாப்பர்களுக்கு வரும் வியாதி. சிவன் அழகான பிச்சாடனராகவும் திருமால் மோகினியாகவும் வந்து அவர்கள் வைராக்கியத்தைச் சோதிக்கிறார்கள். அது ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கோபத்தில் வேள்வித் தீயிலிருந்து ஒவ்வொன்றாக ஏவுகிறார்கள். புலி வந்தது, உரித்து உடுத்திக்கொண்டார். பாம்பு வந்தது, நகை. மான் வந்தது, கையில் பிடித்துக்கொண்டார். தீ வந்தது, அதுவும் கையில். எதிரி வீசியது எல்லாம் அவர் இன்வென்டரியில். கடைசியாக முயலகன் வந்தான். அவனைக் காலடியில் போட்டு மேலே ஆடினார். முனிவர்கள் ஆட்டத்தைப் பார்த்துத் தெளிந்தார்கள். இவர்களை யாரும் எங்கேயும் துரத்தவில்லை. அந்த ஆட்டத்தின் அடுத்த பாகத்தைப் பார்க்கத்தான் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் தில்லையில் காத்திருந்தார்கள்.

முயலகன் செத்ததாக எந்தச் சிற்பமும் காட்டுவதில்லை. நடராஜர் சிலைகளில் அவனைக் கவனிச்சுப் பாருங்க. குட்டையான உடம்பு, பல சிலைகளில் கையில் பாம்பு, தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருப்பான். ஹெல்த் பார் பூஜ்யம் ஆகாத பாஸ். பழந்தமிழில் முயலகன் என்றால் வலிப்பு நோய்க்கும் பெயர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. மறதி, மயக்கம், தன்னிலை இழப்பது எல்லாம் அந்த ஒரு பேருக்குள் அடக்கம். அவன் தனியா எங்கேயோ இருந்து படையெடுத்து வந்தவன் இல்லை. ஒழுக்கமான முனிவர்கள், ஒழுங்கா வளர்த்த தீயிலிருந்து, அவங்களே கூப்பிட்டு வந்தவன்.

2020-இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 'ராஜி' என்ற கேமை எடுத்தது. துர்க்கையும் திருமாலும் துணைக்கு வர, ஒரு பொண்ணு அசுரப் படையோடு மோதுகிறாள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனா அதில் அசுரர்கள் வெறும் எதிரிகள்தான். நம்ம காலேஜில் யூனிட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கதை தேடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. திருவதிகையை எடுத்துக்கோங்க. பிளேயருக்கு அந்தப் போதகர் கேரக்டரைக் கொடுங்க. மூணு ஊருக்குள்ள போகணும், நல்லா பேசணும், ஒவ்வொரு வீடா விளக்கு அணையணும். கவுண்டர் வையுங்க, ஸ்ட்ராத்ஹோம் மாதிரி. கடைசியில் மூணே மூணு வீட்டில் மட்டும் விளக்கு அணையாது, என்ன டயலாக் ஆப்ஷன் எடுத்தாலும் அணையாது. அதுக்குள்ள ஆயிரம் வருஷம் முடிஞ்சு கோட்டைகள் ஒரே கோட்டுக்கு வந்திருக்கும்.